செய்தி வந்தால் விசாரியுங்கள்: அம்வாஸ் முதல் போலியோ வரை



ஃபஜ்ர் தொழுதுவிட்டு வீடு திரும்புவதற்குள் நம் கைப்பேசியில் இரண்டு மூன்று மருத்துவச் செய்திகள் வந்து சேர்ந்துவிடுகின்றன. சர்க்கரை நோய்க்கு மாத்திரை வேண்டாம், இந்தக் கஷாயமே போதும் என்கிறது ஒன்று. குழந்தைகளுக்குப் போடும் தடுப்பூசியில் சதி இருக்கிறது என்கிறது இன்னொன்று. நாம் நேற்றுவரை உண்டுவந்த பண்டம் புற்றுநோயைத் தரும் என்று வெளிநாட்டு ஆய்வு கண்டுபிடித்துவிட்டதாக அச்சுறுத்துகிறது மற்றொன்று. மூன்றின் அடியிலும், அனைவருக்கும் அனுப்பினால் நன்மை கிடைக்கும் என்ற வாசகம் தவறாமல் இருக்கும்.

அச்சம் தரும் செய்தியோ ஆறுதல் தரும் செய்தியோ வந்தவுடன் அதைப் பரப்பிவிடுவோரைப் பற்றி, சூரத்துன் நிஸாவின் 83-ஆம் வசனம் பேசுகிறது. அச்செய்தியை இறைத்தூதரிடமும் பொறுப்புடையோரிடமும் கொண்டு சென்றிருந்தால், ஆய்ந்து உண்மையை வெளிக்கொணரும் ஆற்றல் உடையோர் அதை அறிந்திருப்பார்கள் என்பது அவ்வசனத்தின் கருத்து. சூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆம் வசனமோ, நம்பகமற்றவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவாக விசாரித்துக் கொள்ளும்படி கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று எச்சரிக்கிறது. ஹதீஸ் கலையின் அடித்தளம் இந்த விசாரணைதான். யார் சொன்னார், யாரிடம் கேட்டுச் சொன்னார், அவர் நம்பகமானவரா, அவரது நினைவாற்றல் எத்தகையது என்று துருவித் துருவிக் கேட்ட சமுதாயம் நாம். அந்தக் கண்டிப்பை நோயையும் மருந்தையும் பற்றிய செய்திகளில் மட்டும் கைவிட்டுவிடுகிறோம். ஆனால் நம் முன்னோர் அங்கும் அதைக் கைவிடவில்லை என்பதை வரலாறு காட்டுகிறது.

ஸர்ஃகில் நடந்த ஆலோசனை

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில், அதாவது கி.பி. 639-ஐ ஒட்டி, ஃபலஸ்தீனின் அம்வாஸ் என்னும் ஊரில் தொடங்கிய கொள்ளைநோய் ஷாம் தேசம் முழுவதையும் உலுக்கியது. அவ்வேளையில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மதீனாவிலிருந்து ஷாமை நோக்கிப் பயணம் மேற்கொண்டிருந்தார்கள். ஹிஜாஸின் எல்லையிலுள்ள ஸர்ஃக் என்னும் இடத்தை அடைந்தபோது, அபூஉபைதா (ரலி) அவர்களும் மற்றத் தளபதிகளும் எதிர்கொண்டு வந்து, ஷாமில் நோய் பரவியுள்ள செய்தியைத் தெரிவித்தார்கள். ஸஹீஹுல் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் இடம்பெறும் இந்நிகழ்ச்சியை உடனிருந்த இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள்.

கலீஃபா உடனே முடிவெடுத்துவிடவில்லை. முதலில் முஹாஜிர்களை அழைத்து ஆலோசித்தார்கள். அவர்களிடையே கருத்து வேறுபாடு எழுந்தது. வந்த நோக்கத்தை விட்டுத் திரும்பலாகாது என்றனர் சிலர், இத்தனை நபித்தோழர்களை நோயின் வாயில் கொண்டு சேர்க்கலாகாது என்றனர் சிலர். அடுத்து அன்ஸார்களை அழைத்தார்கள். அவர்களும் அவ்வாறே வேறுபட்டனர். பின்னர் குறைஷிக் குலத்து முதியோரை அழைத்தார்கள். மக்களுடன் திரும்பிவிடுவதே முறை என்று அவர்கள் ஒருமித்துக் கூறினார்கள். மறுநாள் காலை திரும்பப் போவதாகக் கலீஃபா அறிவித்தார்கள்.

அப்போதுதான் அபூஉபைதா (ரலி) அவர்கள் அந்தப் புகழ்பெற்ற வினாவை எழுப்பினார்கள்: அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுவதா? ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்னும் பொருளில் உமர் (ரலி) அவர்கள் விடையளித்து, ஓர் உவமையையும் சொன்னார்கள். ஒரு பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசுமையாகவும் மறுபக்கம் வறண்டும் இருக்கும்போது, ஒட்டகத்தை எந்தப் பக்கத்தில் மேய்த்தாலும் அது இறைவிதிப்படிதானே நடக்கிறது என்பதே அவ்வுவமையின் சாரம். பசுமையான பக்கத்தைத் தேடும் மேய்ப்பரை விதியை மறுத்தவர் என்று எவரும் சொல்வதில்லை. தவக்குலைக் காரணம் காட்டித் தடுப்பு முறைகளைத் தள்ளிவைப்போருக்கு இதனினும் தெளிவான விடை வேண்டியதில்லை.

நிகழ்ச்சி இத்துடன் முடியவில்லை. ஏதோ அலுவலாக வெளியே சென்றிருந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் திரும்பி வந்து, இது குறித்துத் தம்மிடம் அறிவு இருக்கிறது என்றார்கள். ஓர் ஊரில் கொள்ளைநோய் இருப்பதாகக் கேள்விப்பட்டால் அங்கே செல்லாதீர்கள், நீங்கள் இருக்கும் ஊரில் அது ஏற்பட்டால் அதிலிருந்து வெருண்டோடி வெளியேறாதீர்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதைத் தாம் செவியுற்றதாக எடுத்துரைத்தார்கள். உமர் (ரலி) அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. செய்தியைக் கொண்டுவந்தோர் நோய் கண்ட நாட்டிலிருந்தே வந்த பொறுப்பாளர்கள். வழிப்போக்கர் வாய்ச்சொல்லைக் கேட்டுக் கலீஃபா ஆலோசனைக் கூட்டத்தைக் கூட்டவில்லை. இது முதலாவது. இரண்டாவது இதனினும் நுட்பமானது. அங்கே கூடியிருந்தோர் அனைவரும் சிறப்பு மிக்கவர்கள். ஆயினும் தேவையான அறிவு, கூட்டத்தில் இல்லாத ஒருவரிடம் இருந்தது. எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பது வேறு, அறிந்தவர் யார் என்பது வேறு. ஆயிரம் முறை பகிரப்பட்ட செய்தி, அந்தக் காரணத்தாலேயே ஆயிரம் சாட்சிகளைப் பெற்றுவிடுவதில்லை.

அந்த நபிமொழிக்கு இரு பகுதிகள் உண்டு. ஒன்று நம்மைக் காக்கிறது. மற்றொன்று நம்மிடமிருந்து பிறரைக் காக்கிறது. அபூஉபைதா (ரலி) அவர்களை அந்நாட்டிலிருந்து வெளியே அழைத்துக்கொள்ளக் கலீஃபா கடிதம் எழுதியும், தம் படையினரை விட்டு வர அவர்கள் இசையவில்லை. அங்கேயே வஃபாத்தானார்கள். அடுத்துப் பொறுப்பேற்ற முஆத் பின் ஜபல் (ரலி) அவர்களும் நோய்க்கு ஆளானார்கள். பின்னர் தலைமை ஏற்ற அம்ர் பின் ஆஸ் (ரலி) அவர்கள், மக்களைக் கூட்டமாக இராமல் மலைகளுக்குப் பிரிந்து செல்லுமாறு பணித்தார்கள். அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. ஆயினும் மக்கள் பிரிந்து சென்றனர், நோயும் தணிந்தது. இச்செய்தியை அறிந்த உமர் (ரலி) அவர்கள் அதை வெறுக்கவில்லை என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

ராஸி கேட்ட கேள்வி

அம்வாஸுக்கு ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர், ரய் நகரிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கியவர் அபூபக்ர் முஹம்மத் பின் ஸகரிய்யா அர்ராஸி. பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி அவர் எழுதிய நூல் பிற்காலத்தில் லத்தீனிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. கிரேக்க மருத்துவ மேதை காலனைத் தம் ஆசானாகப் போற்றிய அவரே, காலன் மீதான ஐயங்கள் என்றொரு நூலும் எழுதினார். மதிப்பும் விசாரணையும் ஒரே உள்ளத்தில் குடியிருக்க முடியும் என்பதற்கு அவர் சான்று.

அவருடைய அல்ஹாவீ என்னும் பெருந்தொகுப்பில் ஒரு குறிப்பு உண்டு. மூளையைத் தாக்கும் ஸிர்ஸாம் என்னும் காய்ச்சலின் அறிகுறிகள் தோன்றியவர்களில் ஒரு குழுவினருக்கு இரத்தம் எடுத்துச் சிகிச்சை அளித்ததாகவும், மற்றொரு குழுவினரை வேண்டுமென்றே அவ்வாறு செய்யாமல் விட்டதாகவும், தெளிவான முடிவுக்கு வருவதற்காகவே அப்படிச் செய்ததாகவும் அவர் எழுதுகிறார். இரத்தம் எடுப்பதை அந்நோய்க்கு மருந்தென இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் ராஸி கேட்ட கேள்வியை அது அடித்தளமாகவே கொண்டிருக்கிறது. மருந்து உண்டவர் குணமானார் என்பது போதாது. உண்ணாதவர் என்ன ஆனார் என்பதும் தெரிய வேண்டும். சளிக்குக் கஷாயம் குடித்தவர் ஒரு வாரத்தில் குணமாகிறார்; குடிக்காதவரும் பெரும்பாலும் ஒரு வாரத்தில் குணமாகிவிடுகிறார்.

இந்தக் கேள்வி கேட்கப்படாததால் நேர்ந்த தீங்குக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1998-இல் பிரிட்டனின் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியானது. தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற அச்சத்தை அது கிளப்பியது. அக்கட்டுரை ஆராய்ந்தது 12 குழந்தைகளை மட்டுமே. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு குழு இல்லை. கட்டுரையாளரின் நேர்மையின்மை வெளிப்பட்டு, 2010-இல் அவ்விதழ் அதைத் திரும்பப் பெற்றது; அவர் மருத்துவர் பதிவையும் இழந்தார். 2019-இல் டென்மார்க்கில் 6,50,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளை, ஊசி போட்டவர்கள், போடாதவர்கள் என்று ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வு, அத்தகைய தொடர்பு இல்லை என்று உறுதிசெய்தது. எனினும் அந்த அச்சம் நாடுகளைக் கடந்து பயணித்துக்கொண்டே இருந்தது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது, வாட்ஸ்அப் வதந்திகளைக் கேட்டுப் பெற்றோர் பலர் பிள்ளைகளை அனுப்பத் தயங்கியதை நாம் பார்த்தோம்.

ராஸியின் பெயரால் நம்மிடையே சுற்றும் ஒரு கதையையும் இங்கே விசாரித்துவிடுவது நன்று. பக்தாதில் பல இடங்களில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிட்டு, எங்கே மிகத் தாமதமாகக் கெட்டதோ அங்கே அளுதீ மருத்துவமனையைக் கட்டச் சொன்னார் என்பது அக்கதை. ஆனால் அம்மருத்துவமனை திறக்கப்பட்டபோது ராஸி மறைந்து ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது. நமக்குப் பெருமை சேர்க்கும் செய்தியாயினும் ஆண்டுக் கணக்கு பொருந்தாவிட்டால் தயங்கத்தான் வேண்டும். பிடிக்காத செய்தியை மட்டும் விசாரிப்பவர் விசாரணை செய்தவர் ஆகமாட்டார்.

இப்னு ஹஜர் எழுதிவைத்த எண்ணிக்கை

14-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆசியாவையும் ஐரோப்பாவையும் வட ஆப்பிரிக்காவையும் பெருங்கொள்ளைநோய் சூறையாடியது. நோய் தொற்றுமா என்ற வினா அறிஞர்களிடையே கடும் விவாதமாயிற்று. தொற்று இல்லை என்னும் கருத்திலமைந்த நபிமொழி ஒருபுறம். நோயுற்ற ஒட்டகங்களை நலமான ஒட்டகங்களிடம் கொண்டுவர வேண்டாம் என்னும் நபிமொழி மறுபுறம். நோய் தன் சொந்த ஆற்றலால் தொற்றுவதில்லை, அல்லாஹ்வின் நாட்டப்படியே காரணங்கள் செயல்படுகின்றன என்று விளக்கி, அறிஞர்கள் பலர் இரண்டையும் இணைத்துப் பொருள் கண்டனர்.

கிரனாடாவின் அமைச்சரும் அறிஞருமான லிஸானுத்தீன் இப்னுல் கதீப் (1313-1374) இது குறித்துத் தனி நூலே எழுதினார். நோயாளியுடன் நெருங்கியவர் நோய்வாய்ப்படுவதையும், விலகி இருந்தவர் பிழைப்பதையும், நோயாளியின் ஆடை, பாத்திரம், காதணி ஆகியவற்றின் வழியே நோய் வீட்டுக்குள் நுழைவதையும், நோய் கண்ட நாட்டிலிருந்து வந்த கப்பல் நலமாக இருந்த துறைமுகத்துக்கு நோயைக் கொணர்வதையும் அவர் சான்றாக அடுக்கினார். கண்ணெதிரே திரும்பத் திரும்ப உறுதியாகும் உண்மைக்கு எதிராக ஒரு வாசகம் தோன்றினால், அவ்வாசகத்தின் பொருளை ஆழ்ந்து விளக்கிக்கொள்ள வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

ஸஹீஹுல் புகாரிக்கு ஃபத்ஹுல் பாரீ என்னும் பேருரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (1372-1449) அவர்கள் தொற்றுக் கொள்கையை ஏற்காதவர்கள். தம் மகள்கள் மூவரைக் கொள்ளைநோயில் பறிகொடுத்தவர்கள். அந்தத் துயரினூடே அவர்கள் எழுதிய பத்லுல் மாஊன் என்னும் நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்கிறார்கள். ஹிஜ்ரி 833-இல், அதாவது கி.பி. 1430-இல், கெய்ரோவில் நோய் தொடங்கியபோது நாளொன்றுக்கு இறந்தோர் 40-க்கும் குறைவு. மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, மழைத் தொழுகைக்குத் திரள்வதுபோல் பாலைவெளியில் திரண்டு துஆச் செய்து திரும்பினர். அம்மாதம் முடிவதற்குள் நாளொன்றுக்கு இறந்தோர் 1,000-ஐக் கடந்தனர்.

துஆவின் ஆற்றலில் இமாமவர்களுக்கு ஐயம் ஏதுமில்லை. எனினும் தம் கண்முன் நடந்ததை, எண்ணிக்கையைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதிவைத்தார்கள். தொற்றை ஏற்காத ஓர் அறிஞரின் எழுதுகோலிலிருந்து வந்த அக்குறிப்பு, கூட்டம் கூடுவதன் ஆபத்துக்குச் சான்றாக இன்று எடுத்துக்காட்டப்படுகிறது. நேர்மையான பதிவு எழுதியவரின் கருத்தையும் தாண்டிப் பயன் தரும்.

எண்ணிக்கையைப் படிக்கத் தெரிவதும் இங்கே தேவையாகிறது. 2015 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. சிகரெட்டும் அதே பட்டியலில் இருப்பதால், இரண்டும் ஒரே அளவு கொடியவை என்று செய்திகள் முழங்கின. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் சொல்கிறது; ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. நாள்தோறும் 50 கிராம் உண்போருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 விழுக்காடு கூடுகிறது என்பது அவர்கள் தந்த கணக்கு. 100 பேரில் 6 பேருக்கு வரக்கூடிய ஒரு நோய் 18 விழுக்காடு கூடினால், அது ஏறத்தாழ 7 பேருக்கு வரும். 24 பேருக்கு அன்று. ஆகவே அவ்வகை இறைச்சியைக் குறைத்துக்கொள்வது நல்லது. அஞ்சி நடுங்குவதற்கு அதில் ஒன்றுமில்லை.

சந்தேகத்துக்கும் ஒரு வரலாறு உண்டு

தடுப்பு மருந்தைச் சந்தேகிப்போர் அனைவரையும் அறிவிலிகள் என்று ஒதுக்குவதும் நீதியாகாது. வட இந்தியாவில் 1975-77 நெருக்கடிநிலைக் காலத்தில் கட்டாயக் கருத்தடையின் கொடுமையை ஏழை மக்கள் அனுபவித்தனர். அந்தக் காயம் ஆறாதிருந்தபோதுதான், போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மையைத் தரும் என்ற வதந்தி உத்தரப்பிரதேசத்தின் முஸ்லிம் குடியிருப்புகளில் எளிதாக வேரூன்றியது. நைஜீரியாவின் கானோ நகரிலும் அப்படித்தான். 1996-இல் அங்கே மூளைக்காய்ச்சல் பரவியபோது ஒரு பன்னாட்டு மருந்து நிறுவனம் குழந்தைகளிடம் புதிய மருந்தைச் சோதித்துப் பார்த்தது. பெற்றோரின் முறையான சம்மதம் பெறப்படவில்லை என்ற குற்றச்சாட்டுடன் வழக்குகள் நடந்தன. 2011-இல் பாகிஸ்தானின் அப்போத்தாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் உளவு பார்த்ததும் வெளிச்சத்துக்கு வந்த உண்மை.

ஆனால் சந்தேகத்துக்குக் காரணம் இருப்பதால் வதந்தி உண்மையாகிவிடாது. அதன் விலையையும் குழந்தைகளே கொடுத்தார்கள். 2003-இல் கானோவிலும் வட நைஜீரியாவின் வேறு சில மாநிலங்களிலும் சொட்டு மருந்து நிறுத்தப்பட்டது. ஆய்வுகளுக்கும் பேச்சுகளுக்கும் பின்னர், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்றுக்கொண்டு 2004-இல் கானோ மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அங்கிருந்து புறப்பட்ட கிருமி சூடானையும் யெமனையும் கடந்து, 2005-இல் அதே இந்தோனேசியாவை அடைந்து, பல ஆண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அந்நாட்டின் பிள்ளைகளை முடமாக்கியது.

இந்தியாவில் நடந்தது வேறு. அரசும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் ஆலிம்களை நாடி வந்தன. ஆலிம்கள் விசாரித்தார்கள், மருத்துவர்களிடம் கேட்டார்கள், தெளிவு பெற்றார்கள். பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் சொட்டு மருந்து நாளை அறிவித்தன. அலீகர் முஸ்லிம் பல்கலைக்கழகமும் ஜாமியா மில்லியாவும் ஜாமியா ஹம்தர்தும் துணை நின்றன. 2009-இல் நாடு முழுவதும் போலியோவால் பாதிக்கப்பட்டோர் 741 பேர். 2010-இல் 42 பேர். 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் ஒரே ஒரு குழந்தை, அதுவே இறுதி. 2014 மார்ச் 27 அன்று போலியோ ஒழிந்த நாடாக இந்தியா சான்று பெற்றது. சந்தேகத்தை ஏளனம் செய்தவர்களால் இது ஆகவில்லை. அதை விசாரணையாக மாற்றியவர்களால் ஆனது.

வதந்தியின் சூட்டை நாமே உணர்ந்த காலமும் உண்டு. 2020-இல் கொரோனா பரவலுக்கு நம் சமுதாயமே காரணம் என்ற பழி, கைப்பேசிகள் வழியே ஊர் ஊராகப் பரவியது. தள்ளுவண்டியில் பழம் விற்ற ஏழைகள்கூட அதனால் துன்புற்றனர். தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த வெளிநாட்டவர் மீதான வழக்குகளை அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு நீக்கியது. விசாரிக்காத செய்தி என்ன செய்யும் என்பதை அறிந்த நாமே, விசாரிக்காமல் ஒன்றை அனுப்பலாமா?

நம் வீடுகளுக்கு இதில் என்ன பாடம்?

ஒரு மருத்துவச் செய்தி வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். சொன்னவர் யார், அவருக்கு அத்துறையில் அறிவு உண்டா? இது ஸர்ஃக் கற்றுத்தந்த கேள்வி. மருந்தை உண்ணாதவரோடு ஒப்பிட்டார்களா? இது ராஸியின் கேள்வி. எத்தனை பேரில் எத்தனை பேர்? இது இப்னு ஹஜர் அவர்களின் பதிவு எழுப்பும் கேள்வி. இது பொய்யாக இருந்தால் யாருக்குத் தீங்கு? இது கானோவின் கேள்வி. விடை தெரியாவிட்டால் அனுப்பாமல் இருப்பதே மார்க்கம். கேள்விப்படுவதையெல்லாம் பேசித் திரிவதே ஒருவரைப் பொய்யராக்கப் போதுமானது என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்கள் தம் நூலின் முன்னுரையிலேயே வைத்திருக்கிறார்கள்.

நபிமருத்துவம் என்ற பெயரில் வருவனவற்றில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே பொய் சொன்னால் அது நபியவர்களின் மீதே சொன்ன பொய்யாகிவிடும். கருஞ்சீரகம் பற்றிய நபிமொழி ஸஹீஹானது. ஆனால் எல்லா நோய்க்கும் என்ற அந்தப் பொதுச் சொல் குறிப்பது, அதன் தன்மைக்குப் பொருந்தும் நோய்களையே என்று இமாம் கத்தாபீ போன்றோர் விளக்கியுள்ளனர். அந்நபிமொழியைக் காட்டி ஒரு தாயின் இன்சுலினை நிறுத்தச் சொல்பவர், நபிமொழியையும் அறியார், மருத்துவத்தையும் அறியார். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறு ஏவியவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள்.

நோய் வருமுன் காப்பதும் சுன்னத்தின் ஒரு பகுதியே. உறங்கி எழுந்ததும் கையைக் கழுவுதல், இரவில் பாத்திரங்களை மூடிவைத்தல், குடிக்கும் பாத்திரத்தில் மூச்சு விடாதிருத்தல், தேங்கிய நீரை அசுத்தம் செய்யாதிருத்தல், மிஸ்வாக் என்று நம் அன்றாட வாழ்வில் அது விரவிக் கிடக்கிறது. இன்று அதனுடன் சேர வேண்டியவை சில உள்ளன. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் வெளியே தெரியாமல் பல ஆண்டுகள் உடலை அரிப்பவை; அளந்து பார்த்தாலன்றித் தெரியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வாசலுக்கே வந்து அளக்கிறார்கள். வீட்டில் ஆண்கள் இல்லை என்று சொல்லி அந்தச் சகோதரியைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். நம் தாய்மார்களும் பாட்டிமார்களும் கையை நீட்டி அளந்துகொள்ளட்டும். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்த விரும்பினால், அதை எழுதிக்கொடுத்தவரிடமே கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஹஜ் செல்வோர் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டே ஆக வேண்டும் என்பதை நாம் அறிவோம். 1987-இலும் பின்னர் 2000, 2001 ஆம் ஆண்டுகளிலும் ஹஜ்ஜை ஒட்டி அந்நோய் பரவியதால் ஏற்பட்ட ஏற்பாடு அது. ஹாஜிகள் எவரும் அதைத் தவக்குலுக்கு மாறானதாகக் கருதுவதில்லை. தம் கையை அவ்வூசிக்கு நீட்டிய ஒரு பாட்டனார், ஊர் திரும்பியதும் பேரப்பிள்ளையின் தடுப்பூசியைத் தடுத்தால் அது முறையாகுமா?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஆலிம் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் நம்பிக்கைக்குரிய மருத்துவர் ஒருவரையாவது அடையாளம் காணுங்கள். ஐயத்துக்குரிய செய்தி பரவும்போது அவரிடம் கேட்டு, ஜும்ஆ தினத்தில் மக்களுக்குத் தெளிவுபடுத்துங்கள். பொறுப்புடையோரிடம் கொண்டு செல்லுங்கள் என்ற அந்த வசனத்தை நம் ஊரில் நடைமுறைப்படுத்தும் வழி இதுவே.

யா அல்லாஹ்! பயன் தரும் கல்வியை எங்களுக்குத் தந்தருள்வாயாக. பயனற்ற செய்தியைப் பரப்புவதிலிருந்து எங்கள் நாவுகளையும் விரல்களையும் காத்தருள்வாயாக. எங்கள் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தந்து, எங்கள் பிள்ளைகளை ஆஃபியத்துடன் வாழச் செய்வாயாக. ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.